பாதி மாதத்தில் தீர்ந்த டேட்டா

"இந்த மாசமும் பாதியிலேயே தீர்ந்துபோச்சு! அளவுக்கு மேல போனதுக்குத் தனியா தண்டம் வேற. இந்த வீட்ல யாரு டேட்டாவைக் குடிக்கிறது?"

தையற்கடைக்காரர் போனை நீட்டிக் கத்தினார். கீழே கடை, மேலே வீடு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே இன்டர்நெட்.

மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "என்னை ஏன் முறைக்கிறீங்க?"

"சீரியல் பாக்குறது யாரு?"

"அது டிவியில. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

அவருக்கு மண்டை காய்ந்தது. மகளும் விடுதிக்குப் போய்விட்டாள். இருப்பது இரண்டே பேர். பிறகு எங்கேதான் போகிறது?

கம்பெனிக்குப் போன் போட்டார். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று அலைக்கழித்து, பாட்டெல்லாம் போட்டு, ஒருவழியாக ஒரு பெண் வந்தாள்.

"சார், நீங்க பார்த்துச் செலவானது கொஞ்சம்தான். உங்க இடத்துலேர்ந்து வெளியே போனதுதான் ஜாஸ்தி."

"நான் என்னத்தம்மா வெளியே அனுப்பினேன்? பேன்ட் சட்டை தைக்கிறவன் நான்!"

"கேமரா ஏதாவது வச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தார். தன் தலை மறைந்தால் கட்டிங் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என்று அவரே ஆணியடித்து மாட்டியது.

"அது சும்மா இருந்தா செலவாகாது சார். வெளியிலேர்ந்து யாராவது போன்ல பார்த்தாத்தான் போகும். பகல் முழுக்க யாரோ பார்த்துட்டே இருக்காங்க."

இந்தக் கடையில் பகல் முழுக்கப் பார்க்க என்ன இருக்கிறது?

"எதிர்க்கடைக்காரன்தான்! என் தொழிலைத் திருடுறான்!"

"கூட்டமே அவர் கடையிலதான்" என்றாள் மனைவி. "உங்ககிட்ட எதைங்க திருடப்போறார்?"

"கேமரா ஆப்ல யார் யார் போன் சேர்ந்திருக்குன்னு காட்டும். பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கம்பெனிப் பெண் கழன்றுகொண்டாள்.

பார்த்தார். ஒன்று அவருடைய போன். இன்னொன்று தங்கையுடையது. கேமரா மாட்டிய அன்று இவருக்கு ஒன்றும் பிடிபடாமல், அவள்தான் தன் போனில் இணைத்துச் சரிசெய்து கொடுத்திருந்தாள்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா இருப்பது தங்கை வீட்டில். மில் வேலையை விட்டுக் கடை போட்டபோது, "ஆறு மாசம் தாங்காது" என்றார் அப்பா. "அப்ப என் கடை வாசப்படியை மிதிக்காதீங்க" என்றார் இவர். அதோடு பேச்சுவார்த்தை அற்றுப்போனது. இப்போது இவள் உளவு பார்த்து அவர் காதில் ஓதுகிறாளா?

தடதடவென்று கடைக்கு இறங்கினார். கேமராவைப் பிடுங்க ஸ்டூல் மேல் ஏறிக்கொண்டே தங்கைக்குப் போன் போட்டார்.

"என் கடையை ஏன் வேவு பாக்குற? உன்னாலதான் மாசாமாசம் தண்டம் அழுறேன்!"

தங்கை குரலைத் தாழ்த்தினாள். "நான் எங்க அண்ணா பாக்குறேன்? அந்தப் பழைய போன் இப்ப அப்பா கையில. நீ கடை திறக்கும்போது உட்கார்ந்தா, மூடுற வரைக்கும் நகர மாட்டேங்கிறார். கேட்டா, 'வாசப்படியை மிதிக்காதேன்னுதானே சொன்னான், பார்க்காதேன்னு சொல்லலையே'ன்னு என்கிட்டயே சட்டம் பேசுறார்."

கடை எப்போது படுக்கும் என்று காத்திருக்கிறாரா?

"எதுல குறை கண்டுபிடிக்கலாம்னு பாக்குறாராக்கும்?"

"எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணிச்சு. சரி, நீ முதல்ல ஸ்டூலைவிட்டு இறங்கு. 'விழுந்து தொலைக்கப்போறான், சொல்லு'ன்னு இங்க என் உயிரை எடுக்குறார்."

அவர் இறங்கினார்.

"தண்டத்தை நான் கட்டிடுறேன். நீ போய்ச் சாப்பிடு அண்ணா."

"சாப்பாடா இப்ப முக்கியம்?"

"முக்கியம்தான். நீ சாப்பிட எழுந்து போறதைப் பார்த்தாத்தான், இங்க அவர் தட்டு முன்னாடி உட்கார்றார்."