நிறைமதி நடத்திய பாடம்

வாங்க கண்ணுகளா, நெருங்கி உட்காருங்கள். இன்னும் வராத ஒரு காலத்துக் கதை சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு வாத்தியார் பெட்டி. அறிவியல் சொல்லித்தருவதும் அதுதான், பிள்ளை தேறியதா என்று முடிவு செய்வதும் அதுதான். குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவர் மகள் நிறைமதி மூன்றாம் வகுப்பு. எறும்பு எதைத் தேடி வரும் என்று பெட்டி கேட்டது.

"இனிப்பு. அப்புறம் உப்பு."

"உப்பு தவறு. திருத்திச் சொன்னால்தான் நாலாம் வகுப்பு."

அம்மா பதறினாள். "இனிப்புன்னு மட்டும் சொல்லிப்போடு கண்ணு. ஒரு வருசம் வீணாப் போயிருமல்ல?"

"அப்பன் கழட்டிப்போடற வேர்வைச் சட்டையில எறும்பு மொய்க்குதே, அப்பனையென்ன சர்க்கரையிலயா செஞ்சிருக்குது?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, பயம் போகவில்லை.

நிறைமதி ஒரு துணியை வெறும் தண்ணீரிலும் இன்னொன்றை உப்புத் தண்ணீரிலும் நனைத்து, பெட்டியின் கண்ணுக்கு எதிரே வைத்தாள். எறும்புகள் வெறும் தண்ணீர்த் துணியைச் சுற்றிக்கொண்டு போய் உப்புத் துணியில் மொய்த்தன.

சாயங்காலம் நாட்டிலுள்ள எல்லா வீட்டுச் சுவரிலும் பெட்டியின் குரல் கேட்டது: "பிள்ளைகளே, நேற்றுவரை தவறாகச் சொல்லிவந்தேன். இன்றைய பாடம், குமாரபாளையம் நிறைமதி எனக்குச் சொல்லிக்கொடுத்தது."

அப்பன் தறியை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்து, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னான்: "எம்பட புள்ளயாக்கும்!"

உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும், சாமிகளா. நீங்கள் எதிர்த்துக் கேட்டால் சிரித்துக் காதுகொடுக்கும் பெரியவர்கள் அங்கே நிறைந்திருக்கட்டும்.