குரல் கொடுத்த டீச்சர்

மரியபுஷ்பம் டீச்சர் தன் குரலைப் பள்ளிக்கூடத்தின் செயற்கை நுண்ணறிவுச் செயலிக்குக் கொடுத்து இரண்டு வருடமாகிறது. சாயங்காலம் பிள்ளைகள் வீட்டிலிருந்து போனில் எதைக் கேட்டாலும் அந்தக் குரலே பதில் சொல்லும். யார் என்ன பேசினார்கள் என்ற குறிப்பு மறுநாள் காலையில் டீச்சருக்கு வந்துவிடும். அவரோ வாசிக்காமலே ‘பார்த்தாயிற்று’ என்று தட்டிவிடுவார்.

எட்டாம் வகுப்பு அபிஷா பத்து நாளாக வரவில்லை. என்னவென்று விசாரிக்க வீட்டுக்கே போனவர், மாலை போட்ட அவள் அப்பாவின் படத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

அபிஷாவின் அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க மட்டும் தெனமும் ஆறுதல் சொல்லலன்னா எம்புள்ள ஒரு வாய் சோறு தின்னுருக்க மாட்டா டீச்சர்.”

டீச்சருக்கு அந்த நன்றியை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு உள்ளே போய் அபிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உங்கூடப் பேசுனது நான் இல்லம்மா. எனக்கு எதுவுமே தெரியாமப் போச்சு.”

“அது நீங்க இல்லன்னு தெரியும் டீச்சர்,” என்றாள் அபிஷா. “நீங்க எப்ப வருவீங்கன்னுதான் அதுகிட்ட தெனமும் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”