ஜன்னலில் ஊன்றிய கை

"கையை எடுங்க."

டயாலிசிஸ் சிஸ்டர் போட்ட அதட்டலில், எடை மெஷின் மேல் நின்ற பேக்கரி அண்ணன் திடுக்கிட்டார். ஜன்னல் விளிம்பை அழுத்திக்கொண்டிருந்த வலது கை கீழே இறங்கியது. முள் சரசரவென்று மேலே ஏறியது.

மூன்று கிலோ கூடுதல்.

இதைப் பிடிக்கத்தான் சிஸ்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். சிறுநீரகம் போனவர் குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கும். எவ்வளவு எடை ஏறியிருக்கிறதோ அவ்வளவு தண்ணீரை மெஷின் உறிஞ்சும். அண்ணனின் எடை எப்போதும் அளவோடுதான் இருந்தது. ஆனால் ரத்தப் பரிசோதனை இதயம் திணறுகிறது என்றது. ஸ்கேனில் இதயம் வீங்கியிருந்தது. டாக்டர் சிஸ்டரைப் பிடித்துக்கொண்டார். எடை பார்க்கிறாயா, தூங்குகிறாயா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"எத்தனை நாளா இந்தத் திருட்டு?"

அண்ணன் எடை மெஷினை விட்டு இறங்கினார்.

"அடுப்பு முன்னாடி நிக்கற வேலை. தாகம் எடுக்குது, குடிச்சிடறீங்க. அதை எதுக்கு மறைக்கறீங்க? நெஞ்சு நின்னுடும்ணே. இன்னிக்கு அஞ்சு மணி நேரம் படுங்க."

"எப்பவும் போல நாலு போதும் சிஸ்டர்."

"வேகமா உறிஞ்சினா இதயம் தாங்காது. அஞ்சு."

"முடிஞ்சதை எடுங்க. மிச்சத்தை அடுத்த தடவை பாத்துக்கலாம்."

கூட ஒரு மணி நேரம் படுக்கக் கசக்குதா, வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இல்லையா என்று சிஸ்டர் பொரிந்து தள்ளினாள். ஊசியைக் குத்தி மெஷினை ஓடவிட்டாள். அவர் மணி கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாலு மணி நேரம் ஆனதும் அதே கட்டிலுக்கு அடுத்த முறைக்காரி வந்து நின்றாள். சின்னப் பெண். துணி ஆலையில் சாயங்கால ஷிப்ட். கட்டில் காலியாகவில்லை என்றதும் முகம் செத்துவிட்டது. வராந்தாவுக்குப் போய் போனில் யாரிடமோ கெஞ்ச ஆரம்பித்தாள்.

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"முன்னாடி ஒரு தடவை என்னால லேட்டாச்சு. கடைசி எச்சரிக்கை கொடுத்துட்டாங்க அவளுக்கு. சிறுநீரகம் போனது போதாதா, வேலையும் போகணுமா?"

சிஸ்டருக்குச் சுருக்கென்றது.

"அதுக்காகவா கையை ஊனினீங்க?"

அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"லூசாண்ணே நீங்க? ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவளைக் காலைல போட்டு, உங்களைப் பின்னாடி போட்டிருப்பேன்ல?"

"கேட்டேனே சிஸ்டர். 'இது என்ன பஸ்ஸா, சீட்டு மாத்திக்கறதுக்கு'ன்னு நீங்கதான் சொன்னீங்க."

சிஸ்டர் விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போனாள். பெண்ணின் கையிலிருந்த போனை வாங்கினாள்.

"சூப்பர்வைசரா? டயாலிசிஸ் சிஸ்டர் பேசறேன். இனிமே இவளைக் காலையிலேயே முடிச்சு அனுப்பிடறேன். இன்னிக்கு லேட்டானதுக்குக் காரணம் இவ இல்ல. நான்."