கடைசியாக வருபவர்

"பையை இப்படி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நடக்காதடி. பாக்கறவங்களுக்குச் சந்தேகம் வரும்," என்றாள் மிலாதா.

"நீ வேற பயமுறுத்தாதக்கா. ஏற்கெனவே கால் பின்னுது," என்றாள் லிபுஷே.

அரண்மனையின் மரத்தரை தேயக் கூடாதென்று, சுற்றிப் பார்க்க வந்த எல்லோருக்கும் காலணிக்கு மேல் கம்பளிச் செருப்பு மாட்டிவிட்டிருந்தார்கள். வெளியே பூங்காவில் மயில் ஒன்று அலறியது.

பைக்குள், கசகசா ரொட்டிகளுக்கு நடுவே, கைக்குட்டையில் சுற்றிய பீங்கான் கோப்பை. போர் முடிந்து, அரண்மனைக்குச் சொந்தக்காரரான பிரபுவின் குடும்பம் ஓடிப்போனபோது, அம்மா இங்கிருந்து எடுத்து வந்தது. சாகும்வரை மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். 'எடுத்த இடத்துலயே வெச்சுடுங்க' என்பதுதான் அவளது கடைசிப் பேச்சு.

"பேசாம அரண்மனைக்காரங்க கையிலயே குடுத்துடலாமேக்கா?"

"குடு. மத்தவங்க எல்லாரும் யோக்கியம், நம்ம அம்மா மட்டும்தான் திருடின்னு ஊரே பேசும். அவ குழி மண்ணு இன்னும் காயல."

வழிகாட்டி ராத்கா சாவிக்கொத்தை ஆட்டினாள். "கடைசியா வர்றவங்க கதவைச் சாத்திட்டு வாங்க." ஒவ்வொரு அறையிலும் இதையே சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் அடுத்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

விருந்து மண்டபம் வந்தது. கூரையிலிருந்து சுதைத் தேவதைகள் கொழுத்த கன்னங்களோடு எட்டிப் பார்த்தார்கள். மூலையில் கண்ணாடி அலமாரி. பூட்டிலேயே சாவி தொங்கியது.

கூட்டம் நகர்ந்தது. இருவரும் பின்தங்கினார்கள்.

"மறந்துட்டுப் போயிருக்கா பாரு, மண்டு," மிலாதா கிசுகிசுத்தாள். "நான் கதவுகிட்ட நிக்கறேன். சீக்கிரம்."

லிபுஷே அலமாரியைத் திறந்தாள். உள்ளே அதே நீலக் கரை போட்ட கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஓரத்தில் ஒரு தட்டு மட்டும் கோப்பையில்லாமல் கிடந்தது. கோப்பையை அதன் மேல் வைத்தாள். ணங்கென்று ஒரு சத்தம்.

அலமாரியைப் பூட்டி, அறைக் கதவையும் சாத்திவிட்டு, மூச்சிரைக்கக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள்.

வாசலில் கம்பளிச் செருப்பைக் கழற்றும்போது ராத்கா கை காட்டினாள். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கம்மா."

மற்றவர்கள் படியிறங்கிப் பூங்காவுக்குள் போனார்கள். லிபுஷே பையைத் திறந்து நீட்டினாள்.

"வேணும்னா பாருங்கம்மா. ரொட்டிதான் இருக்கு. நாங்க எதையும் எடுக்கல."

"தெரியும். ணங்குன்னு கேட்டுச்சே." ராத்கா குரலைத் தாழ்த்தினாள். "அந்தத் தட்டு போன வருஷமே வந்துடுச்சு, உங்க தெருவிலேர்ந்துதான். கோப்பை எப்ப வரும்னு பாத்துக்கிட்டிருந்தேன். முதல்ல இந்த அரண்மனையை ஜனங்களுக்குத் திறந்துவிட்டப்ப, அந்த அலமாரியில ஒரு கரண்டிகூட இல்லம்மா. எல்லாம் இப்படி ஒண்ணொண்ணா வந்து சேர்ந்ததுதான். அதனாலதான் சாவியை நான் எடுக்கறதே இல்ல."