கொட்டாங்குச்சி இட்லி

மழை விட்டதும் வாசுகி கொல்லைப்படிக்குக் கீழே சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அலுவலகப் புடவை நனைவதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. கொட்டாங்குச்சியில் சேற்றை அடைத்துக் கவிழ்த்து, பூவரச இலையில் இட்லிகளை வைத்தாள்.

"நறுமுகை, விருந்து தயார். சாப்பிட வாடி!"

இதே இடத்திலிருந்து மகள் இப்படிக் கூப்பிட்ட நாட்களில், வாசுகி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் "இதோ வரேன்" என்பாள். அப்புறம் எழுந்து வந்ததெல்லாம் குழந்தையைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கை கழுவிவிடத்தான்.

நறுமுகை படியில் வந்து நின்றாள். ஏழு வயதுக் குழந்தையின் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

"அது மண்ணும்மா."

"தெரியும்டி. சும்மா சாப்பிடற மாதிரி..."

"கிருமி இருக்கும்."

வாசுகி ஓர் இட்லியை எடுத்து உண்மையாகவே வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். பல்லெல்லாம் மண். குழந்தை சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்தாள். படியில் உட்கார்ந்து, அம்மாவின் மூடிய கையை இழுத்து, விரலிடுக்கெல்லாம் பொறுமையாகத் தேய்த்தாள்.

"கையை விரிம்மா. உள்ளே இன்னும் மண் இருக்கு."

வாசுகி விரல்களை இன்னும் இறுக மூடிக்கொண்டாள்.