மஞ்சள் சீட்டுப் பக்கம்

“‘வீட்டில் இருப்பது நான் இல்லை. என் அம்மாவுக்குப் பிடித்த யாரோ ஒருத்தி.’ கேட்டீங்களா? இதைத்தான் நம்ம பள்ளிக்கூட நூலகத்துல பிள்ளைங்க கையில குடுக்கறாங்க!”

மிசஸ் லிண்ட்குவிஸ்ட் மைக்கில் கத்தினார். கையில் டீன்ஏஜ் நாவல் ஒன்று. மஞ்சள் சீட்டு ஒட்டிய ஒரே ஒரு பக்கத்தைத்தான் படித்தார்.

“இதைப் படிச்சுத்தான் என் பொண்ணு அன்னிகா வீட்டை விட்டுப் போனா!”

பள்ளி வாரியக் கூட்டத்தில் ஊரில் யாரும் மூன்று நிமிடம் பேசலாம். எழுந்தேன். அன்னிகா என் தோழி. அந்த நாவலை அவளுக்குக் கொடுத்ததே நான்தான்.

“முழுசாப் படிச்சீங்களா?”

“சாக்கடைன்னு தெரிய முழுசாக் குடிக்கணுமா? பள்ளிக்கூடத்தையே பாதியில விட்டவ நீ. புத்தகத்தைப் பத்திப் பேச வந்துட்டியா?”

கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

“படிக்காம ஒரு புத்தகத்தைப் பத்திச் சொல்றது எல்லாம் பொய்தான்!”

மணி அடித்து என்னை உட்கார வைத்தார்கள். நாவலை நீக்க வாரியம் முடிவெடுத்தது.

அலமாரியிலிருந்து நீக்கு என்பதுதான் உத்தரவு. எங்கள் ஊரில் நீக்கிய புத்தகங்களை ‘இலவசம்’ என்று எழுதிய பெட்டியில் போட்டு நூலக வாசலில் வைப்பார்கள். இதன் பிரதிகளையும் அப்படியே வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஒன்றை எடுக்கப் போனேன். பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு கை.

மிசஸ் லிண்ட்குவிஸ்ட்!

“என்ன, கிழிச்சுப் போடவா?”

திரும்பினார். கண்கள் வீங்கியிருந்தன.

“நீ முழுசாப் படிச்சவதானே... கடைசில அந்தப் பொண்ணு வீட்டுக்குத் திரும்பி வந்துடறாளா?”



அன்னிகா டுலூத் நகரத்தில் சித்தி வீட்டில் இருக்கிறாள். இவருக்கும் தெரியும். அவளே வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று இவர். அம்மா ஒரு தடவை வரட்டும் என்று அவள், தினமும் என்னிடம் போனில்.

“வர மாட்டா,” என்றேன். “அவங்கம்மாதான் தேடிப் போவாங்க. ‘நீ யாரா இருக்கியோ, அப்படியே வா’ன்னு கூப்பிடுவாங்க. அதான் கடைசிப் பக்கம்.”

புத்தகத்தை என் கையில் திணித்தார். கார்க் கண்ணாடியில் உறைந்த பனியை அவசரமாகப் பாதிதான் சுரண்டினார். கார் டுலூத் சாலையில் திரும்பியது.

அப்படி ஒரு பக்கமே அந்த நாவலில் இல்லை.