சுவரில் மாட்டிய ஜன்னல்

முதல் செங்கல் வெளிப்பக்கமாகச் சந்தில் விழுந்தது.

அது இருந்த ஓட்டை வழியாக உள்ளங்கை அகல வெளிச்சம் உள்ளே வந்து தையல் மிஷின்மேல் உட்கார்ந்தது. தையல்காரி பல்லில் கடித்திருந்த நூலை விட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷமாகப் பட்டப்பகலில் பல்பு போட்டுத் தைத்தவள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட வேண்டுமென்றால் துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். கண் போனால் பிழைப்பும் போச்சு.

அதனால்தான் கேஸ்.

வீட்டை விற்றவன் விளம்பரத்தில் தெளிவாகப் போட்டிருந்தான். எல்லா அறைக்கும் ஜன்னல், நல்ல காற்று, நல்ல வெளிச்சம். படமும் இருந்தது: வெள்ளைத் திரை, ஓரத்தில் மரச்சட்டம்.

வீடு பார்க்க வந்த அன்று அவள் புருஷன் குழாயைத் திறந்து பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து நின்று பார்த்தார்.

திரையை மட்டும் விலக்கவில்லை. அடுத்தவர் வீட்டுத் துணியில் கை வைக்கக் கூடாது என்பது பிழைப்பில் படிந்த பழக்கம்.

குடிவந்த பிறகு அவள்தான் விலக்கினாள். சட்டம் இருந்தது. கண்ணாடிக் கதவு இருந்தது. கொக்கிகூட இருந்தது. கதவைத் திறந்தால் பூசின சுவர்.

வீடும் அவள் பேரில், கேஸும் அவள் பேரில். புருஷன் ஒரு வாய்தாவுக்கும் வரவில்லை. வந்தால் அன்றைய கூலி போய்விடும். தைத்து முடித்த ரவிக்கைகளைக் கடையில் போட்டுவிட்டு, அதே பையில் காகிதங்களை வைத்துக்கொண்டு அவள்தான் ஏறி இறங்கினாள்.

நுகர்வோர் ஆணையத்தில் விற்றவனின் வக்கீல் லேசில் விடவில்லை. ஜன்னல் இருக்கிறது என்றோம், இருக்கிறது. பின்னால் சுவர் இல்லை என்று எங்கே சொன்னோம் என்று கேட்டார்.

"அதைத் திறந்தா என்னம்மா தெரியுது?" என்றார் நடுவில் உட்கார்ந்திருந்த தலைவர்.

"எங்க கெட்ட நேரம் தெரியுதுங்க" என்றாள் தையல்காரி.

வக்கீலே சிரித்துவிட்டார்.

முப்பது நாளுக்குள், விளம்பரப் படத்தில் உள்ள அதே அளவில், விற்றவன் செலவில் ஜன்னலைத் திறந்து கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. இன்று இருபத்தெட்டாம் நாள்.

வேலையைப் பார்க்க விற்றவன் தன் மச்சானை சூப்பர்வைசராக அனுப்பியிருந்தான். அவர் போன வாரம் கூலியாட்கள் நிற்கிற முக்குக்குப் போய் ஒரு கொத்தனாரைப் பிடித்தார். விலாசத்தைச் சொன்னதும் நாலு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து பைக்கில் ஏறிய ஆள் அவர். கூலிகூடப் பேசவில்லை. நல்ல இளிச்சவாயன் மாட்டினான் என்று சூப்பர்வைசருக்கு ஒரே சந்தோஷம்.

அன்று மேலே சுவர்ப் பாரம் தாங்கும் லிண்டலை ஏற்றி இறுகவிட்டுப் போனார் கொத்தனார். இன்று கீழே உடைக்கிறார்.

சூப்பர்வைசர் அவர் காதோரம் குனிந்தார். "ரெண்டுக்கு ரெண்டு போதும்யா. சட்டத்தை மேல மாட்டிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"சின்னதா உடைச்சா சுவரே விரிஞ்சிரும்ங்க."

அப்படியெல்லாம் விரியாது. மச்சான் என்ற தகுதியில் சூப்பர்வைசர் ஆனவருக்கு அது தெரியாது.

நாலுக்கு நாலு. ஒரு நூல் குறையாமல் உடைத்தார் கொத்தனார். உளி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஏதோ பழைய கணக்கைத் தீர்ப்பதுபோல இறங்கியது.

தையல்காரி சும்மா இருக்கவில்லை. கொத்தனாரே, மிஷின்ல தூசி விழுது. கொத்தனாரே, இடது ஓரம் கோணுது. கொத்தனாரே, டீ குடிக்க வந்தீங்களா, வேலை செய்ய வந்தீங்களா?

எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "சரிங்கம்மா."

சூப்பர்வைசருக்கே பொறுக்கவில்லை. "என்னய்யா இந்தம்மா வாய்! இது புருஷன் எப்படித்தான் காலம் தள்ளுறானோ?"

"பாவம்தாங்க அந்த ஆளு" என்றார் கொத்தனார், கலவையைக் கிளறிக்கொண்டே.

மூன்று மணிக்குச் சட்டம் ஏறியது. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, இடுக்கில் கலவை அடைத்து, கண்ணாடிக் கதவு இரண்டையும் விரியத் திறந்துவிட்டார். அறையில் இத்தனை மூலைகள் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

ஆணையத்தில் கொடுக்கப் படம் எடுக்க வேண்டும். சூப்பர்வைசர் போனைத் தூக்கினார். "பார்ட்டி மட்டும் நிக்கட்டும். நீ அப்படித் தள்ளுய்யா."

கொத்தனார் தள்ளி நின்றார். ஜன்னல் பக்கத்தில் தையல்காரி எல்லாப் பல்லும் தெரிய நின்றாள்.

கூலியைக் கொடுத்துவிட்டு சூப்பர்வைசர் பைக்கை உதைத்தார். "ஏறுய்யா, முக்குல இறக்கிவிடுறேன்."

"கரண்டியெல்லாம் கழுவணும்ங்க. நீங்க கிளம்புங்க."

பைக் சந்து திரும்புகிறவரை அவர் ஒரே கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பிறகு உள்ளே வந்து, விற்றவன் கொடுத்த கூலியை மிஷின்மேல் வைத்தார்.

"சரிங்கம்மா, சரிங்கம்மா! என்ன பவ்யம், என்ன பணிவு!" என்றாள் தையல்காரி. "கல்யாணமாகி பதினாலு வருஷம் ஆச்சு. இந்தக் குரலை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"கேஸ்ல ஜெயிச்ச அம்மாவாச்சே. பயம் இருக்காதா?"

அவள் சிரித்த சிரிப்புக்குச் சந்தில் போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். காலைவரை சுவராக இருந்த இடத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நின்றிருந்தார்கள்.